வீட்டில் படித்துக்கொள்ளவும்

பக்கம் நூற்றுப் பன்னிரண்டு வந்ததும்
சயின்ஸ் சார் தொண்டையைச் செருமினார்.
"இத வீட்ல படிச்சுக்கோங்க."
நேராக நூற்று இருபது.

வீடு பத்துக்குப் பத்து.
அஞ்சு பேர், ஒரு ஃபேன்.
எந்த மூலையில் விரிப்பேன்
அந்தப் பக்கத்தை?

போன வருஷம் வந்தவர்கள்
புரொஜெக்டரோடு வந்தார்கள்.
புண்களின் படம், பெருசு பெருசாக.
"உங்க மாதிரி ஏரியாப் பசங்க
ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."
வியாசர்பாடி என்பதையே
ஒரு வியாதி போல உச்சரித்தார் அந்த மேடம்.
கொடுத்த நோட்டீஸை மடித்து ராக்கெட் விட்டோம்.
நல்லாப் பறந்தது.

இந்த வெள்ளிக்கிழமை ஷப்னம் வந்தாள்.
நர்சிங் ரெண்டாம் வருஷம்.
எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு;
மழைத்தண்ணியில் அவள் ஸ்கூட்டி தள்ளுவதைப்
பார்த்திருக்கிறோம்.
போர்டில் எழுதினாள்:
உங்களுக்கு என்ன நல்லாத் தெரியும்?

யாரும் வாய் திறக்கவில்லை.
"தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியும்" என்றான் ஒருத்தன்.
சிரித்தோம்.
அவள் அதையும் எழுதினாள்.

லோகேஸ்வரி எழுந்தாள்.
"ஷேர் ஆட்டோல முட்டி இடிச்சா
தள்ளி உக்காருங்கன்னு சத்தமா சொல்வேன்.
ஒரு தடவதான்.
ரெண்டாவது தடவைக்கு ஆட்டோவே நிக்கும்."

அபிநேஷ்:
"எங்க கிரவுண்டுல ரெஃப்ரி கிடையாது.
ஒருத்தன் போதும்னா ஆட்டம் நிக்கணும்.
ஏன்னு கேக்கக்கூடாது.
மூஞ்சியப் பாத்தே நிறுத்துறவன்தான் கேப்டன்."

'போதும்' என்ற சொல்லைச் சுற்றி
ஷப்னம் ஒரு வட்டம் போட்டாள்.
சாக்பீஸ் உடைந்தது.
ரெண்டு பேர் இருக்கிற எந்த இடத்துக்கும்
இதே ரூல்தான் என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

என் முறை.
எனக்கு டோக்கன் போடத் தெரியும்.
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் அஞ்சரைக்கே வரிசை.
அம்மாவுக்கு எழுத வராது,
படிவம் முழுக்க என் கையெழுத்து.
ஒரு கட்டத்தில்
நர்ஸ் சொல்லச் சொல்ல நிரப்பினேன்:
கர்ப்பப்பை.
ஒற்று எங்கே வரும் என்றுகூடக் கேட்டேன்.

வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னேன்.
பின் பெஞ்சில் யாரோ களுக்கென்றான்.
"டேய், அவங்கம்மாடா" என்றான் அபிநேஷ்.
எல்லாரோட அம்மாவும்தான் என்று
சொல்ல நினைத்தேன்.
அதற்குள் அடங்கிவிட்டது.

அன்று டாக்டரிடம் கேட்காமல் விட்டதை
இவளிடம் கேட்டேன்:
அதை எடுத்த பிறகும்
அம்மா ஏன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறாள்?
கொஞ்சம் சொன்னாள். பிறகு,
"மீதி எனக்குத் தெரியல டெல்வின்.
கேட்டுட்டு செவ்வாக்கிழமை சொல்றேன்."
தெரியாது என்று ஒருத்தர் சொல்லி
அந்த ரூமில் இப்போதுதான் கேட்கிறேன்.

பிஸ்கட் டப்பாவில்
பெயர் போடாத கேள்விச் சீட்டு நாற்பத்தொன்று.
என்னுடையது ரெண்டு.

ராத்திரி மாடிப்படி.
மூணாவது மாடி டியூப்லைட் மட்டும்தான்
துடிக்காமல் எரியும்.
நூற்றுப் பன்னிரண்டைப் பிரித்தேன்.
படம், அம்புக்குறிகள்.
பாதிப் பெயர்கள்
என் பேனா ஏற்கெனவே எழுதியவை.

தங்கச்சி வந்து நின்றாள். எட்டாவது படிக்கிறாள்.
"என்னடா அது?"

மூடத்தான் கை போனது.
பிறகு படியில்
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.