திரைக்கு இரண்டு முனை

செவ்வாய், வெள்ளி. காலை ஆறரைக்கு ஊசி.
முனிரத்தினத்தின் ரத்தம் குழாயில் ஏறி
வேலூரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்ததுபோல்
அவனுக்கே திரும்பி வர
நாலு மணி நேரம்.
அந்த நாலு மணி நேரத்தில் நாங்கள்
ஒரு கூத்து செட்டு சேர்த்தோம்.

சட்டம் ஒன்றுதான்:
செத்தவர்களுக்கு மட்டுமே வேஷம்.
உயிரோடு இருப்பவனைப் போட்டால் தேதி கேட்பான்,
அட்வான்ஸ் கேட்பான்,
காட்பாடி டேசனுக்கு ஆட்டோ அனுப்பச் சொல்வான்.

“தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு
எத்தினி நாளைக்கி நம்மள சொல்லிக்கினு இருப்பானுங்க?
ஒரு ராஜாவப் புடிச்சுப் போடுடா” என்றான்.
அதுவே கதையானது.
கோட்டை மைதானம்.
ஆற்றைத் தொலைத்துவிட்ட ராஜா.
எங்கே ஆறு என்று சபையில் கேட்கும் ராணி.

ராஜாவுக்குத் திமிரி வேணு நாயக்கர்.
மறுபேச்சே இல்லை.
கிரீடம் ஏறினால் அவர் கழுத்து ஒரு சாண் நீளும்.
விடிந்ததும் அதே கழுத்தில் ஈரத் துண்டு,
கையில் கடன் டீ.
ஆர்மோனியம் ஆற்காடு மஸ்தான்.

மிருதங்கத்துக்குத்தான் மூன்று வாரம் சண்டை.
நான் லாலாப்பேட்டை எத்திராஜ் என்றேன்.
“அவரு நாப்பத்தொம்போதுல பூட்டாரு,
மஸ்தான் பொறந்ததே அம்பத்திமூணு,
தாளம் எப்டிடா சேரும்?”
செத்த பிறகு ஏதுடா முன்னே பின்னே?
“நீ அவரக் கேட்டிருக்கியா?”
எங்கப்பா கேட்டிருக்கார்.
“அப்ப உங்கப்பனையும் செத்துட்டாருன்னு
கூட்டத்துல உக்கார வை.”
சிரித்ததில் பி.பி. ஏறிவிட்டது.
சிஸ்டர் ஷைனி என்னை வெளியே அனுப்பினார்.

ராணி, பள்ளிகொண்டா தனகோட்டி.
இருபத்தைந்து வயதுத் தனகோட்டி,
மழித்த மீசையின் பச்சை பவுடருக்குள் மின்ன,
ஒரு ‘ஐயோ’வுக்கு ஊரை எழுந்து நிற்க வைத்தவர்.
ஆறு யார்?
முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:
“அதுவும் தனகோட்டிதான். அறுபது வயசுல.
தொண்ட போனப்புறம்.”

இரண்டாவது சட்டம் அன்றுதான் போட்டோம்:
ஒருத்தர் இரண்டு வயதில் வரலாம்.
மேடையின் இந்த ஓரத்தில் வெண்கலக் குரல் கேட்கிறது.
அந்த ஓரத்தில் காலிக் குடத்தோடு
அதே வாய் திறக்கிறது,
காற்று மட்டும் வருகிறது.
யார் முதலில் கண்ணைத் தாழ்த்துவார்?
நாங்கள் அதை முடிவு செய்யவில்லை.
இயந்திரம் கத்தியது, சிஸ்டர் வந்தார்.

நாயக்கரைப் பற்றி நான் வாயே திறக்க முடியாததற்குக்
காரணம் உண்டு.
அணைக்கட்டில் ஒரு ராத்திரி.
திரை பிடிக்க ஆள் வரவில்லை என்று
பன்னிரண்டு வயது முனிரத்தினத்தைப் பிடித்து நிறுத்தினார்கள்.
தூக்கத்தில் கை நழுவித் திரை விழ,
பின்னால் மகாராஜா
கச்சையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு,
வாயில் பீடி.
சனம் விடியும்வரை சிரித்தது.
“அவர் கையால அற வாங்கினவன்டா நானு.”
மின்வாரியத்தில் முப்பது வருடம் மீட்டர் பார்த்தவன்,
பென்ஷன் வாங்கியதைக்கூட
இத்தனை பெருமையாகச் சொன்னதில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளி.
அந்தக் கட்டிலில் குடியாத்தத்துப் பையன் ஒருவன்,
காதில் பாட்டு மாட்டிக்கொண்டு.
சிஸ்டர் ஷைனி என் பக்கம் பார்க்கவில்லை.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் பட்டியல் இருக்கிறது.
மிருதங்கம் இன்னும் அடித்துத் திருத்தியபடியே.
கட்டியக்காரனுக்கு ஆளே இல்லை.
சட்டப்படி, முனிரத்தினம்,
இப்போது உனக்கும் இடம் உண்டு.
பேனா எழுதவில்லை, உதறி எழுதினேன்:
திரை, இடப்பக்கம்.

வலப்பக்கத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன்.
அவசரமில்லை,
மஸ்தான் சுருதி சேர்க்கவே பாதி ராத்திரி ஆகும்.
அதுவரை அந்த முனையை
அகழியோரத்து மரம் எதிலாவது கட்டி வை.
தூங்கிவிடாதே.
நாயக்கர் பீடியை அணைக்கட்டும்.