கணக்கில் வராத சில்லறை

பத்தொன்பது வருடமாக என் பல்லிடுக்கில்தான்
இந்த விசில் இருக்கிறது.
ஒன்று ஊதினால் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும்.
சேலம் – ஏற்காடு. கொண்டை ஊசி இருபது.

போன ஐப்பசியில் அடிவாரம் தாண்டியதும்
விசிலை எடுத்துப் பார்த்தேன்.
வாய் பட்ட இடத்தில் இளஞ்சிவப்பு.
வெற்றிலை போடுகிறவனில்லை நான்.
சட்டையில் துடைத்துக்கொண்டு
"உள்ள போ, உள்ள போ" என்றேன்.

ரத்தம் வருகிறதே என்று பிரஷ்ஷைத் தொடவில்லை.
ஒரு வாரம் உப்பு. ஒரு வாரம் வெறும் விரல்.
அப்புறம் அதுவுமில்லை.
ராத்திரி ஹால்ட் மேலே, ஏரிப் பக்கம்.
விடிகாலையில் அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால்
கடைவாய்க்குள் ஒருவன் மணி அடிக்கிறான்.
அதனால் நேராக டீ,
நாலு ஸ்பூன் சர்க்கரை, பன் ஒன்று.
இடுக்கில் சிக்கியதை
டிக்கெட்டை மடக்கிக் குத்தி எடுப்பேன்.

வலிக்கவில்லை. அதுதான் சங்கதி.
சொத்தைப் பல்லாவது நடுராத்திரியில் எழுப்பிக் கேட்கும்.
ஈறு கேட்காது.
டிக்கெட் எடுக்காதவன் மாதிரி
கூட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டே
கடைசி வளைவு வரை வந்துவிடும்.

அஸ்தம்பட்டியில் டாக்டர் நிலோபர்
கண்ணாடியைக் கையில் கொடுத்து
கீழ்வரிசையிலிருந்து பெயர்த்ததைக் காட்டினார்.
காரை.
வெள்ளைக்கல் கரட்டில் வெட்டி எடுத்த சில்லு மாதிரி,
ஆனால் வெள்ளை இல்லை.
"ரத்தம் வருதுன்னு தேய்க்காம விட்டீங்க.
விட்டதாலதான் ரத்தமே வருது."
இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம்
இவ்வளவு சரியாகச் சில்லறை கொடுத்ததில்லை.

முன்பல் ஒன்று நிற்காது என்றார்.
நிற்கவில்லை.
காகிதத்தில் மடித்துக் கொடுத்ததைப் பையில் போட்டேன்.
மறுநாள் டிப்போவில் வசூல் எண்ணும்போது
ஒற்றை ரூபாய்களுக்கு நடுவே உருண்டு வந்தது.
கேஷியர் பூங்காவனம் பேனாவால் தள்ளிவைத்து,
"இது எந்த ஸ்டேஜ்ல ஏறுச்சு, தீர்த்தகிரி?" என்றார்.
சிரிக்க வாய் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.

இப்போது விசில் வேறு மாதிரி வருகிறது,
கொஞ்சம் காற்று, கொஞ்சம் எச்சில்.
டிரைவர் அர்த்தநாரி முதல் நாள்
தனக்கில்லை என்று நினைத்து
வாழவந்தி பிரிவையே தாண்டிப் போய்விட்டார்.

ஹால்ட் வண்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து தேய்க்கிறேன்.
ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பாகத் தண்ணீர்.
ஈறும் பல்லும் சேருமிடத்தில், சாய்த்து, மெதுவாக.
பாத்திரம் விளக்குகிற ஆத்திரம் கூடாதாம்.
இரண்டு நிமிடம் என்பது, ஏறும்போது,
பதினோராம் வளைவு முதல் பதின்மூன்று.
எனக்கு வாட்ச் எதற்கு?
மனசுக்குள் வண்டி ஓட்டுகிறேன்,
உள்பக்கம் திரும்பும்போது கியரைக் குறைத்து.
படுக்குமுன் இன்னொரு டிரிப்.
இடுக்குகளுக்கு நூல்.
டீ இருக்கிறது; சர்க்கரையை
நாலிலிருந்து ஒன்றுக்கு இறக்கிவிட்டிருக்கிறேன்.

முதல் வாரம் நுரை சிவப்பு. விடவில்லை.
ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
துப்பியது
பனி நனைத்த புல்லில் வெள்ளையாகவே கிடந்தது.
அர்த்தநாரி சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்,
"அந்த நூல்ல ஒரு முழம் குடுய்யா."

முதல் சிங்கிள் கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது.
நாக்கால் எண்ணுகிறேன்,
முன்னிருந்து பின், பின்னிருந்து முன்.
இருபத்தேழு பேர்.
ஒருத்தர் மட்டும் லேசாக ஆடுகிறார்.
கெட்டியாப் பிடிச்சுக்குங்க என்கிறேன்,
வளைவு வருது.