சம்சாரம் என்கிற ஒண்டிமுத்து

வேலந்தாவளம் எடைமேடையில்
என் பேர் மைனஸ்.
ஈரத் தார்ப்பாய்க்கு ஐந்து கிலோ,
கேபினில் உறங்கும் கிளீனருக்கு ஐம்பது,
கழித்துக் கழித்து எழுதியதில்
சீட்டில் விழுந்த கோடு
என்மேலும் விழுந்தது.
கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டுவிட்டார்கள்.
பெண் வீட்டார்
கணக்கு வாத்தியார் என்று நினைத்திருக்கிறார்கள்.

தக்காளி ஓட்டும் திருமூர்த்தி, வெள்ளம்.
ஆலத்தூர் ஓட்டலில்
'வெள்ளம் வேணோ' என்று கேட்டதும்
பெஞ்சுமேல் காலைத் தூக்கிக்கொண்டானாம்.
அவனைக் கேட்டால்
அது வேறு எவனோ உடுமலைக்காரன்,
செத்தும் போய்விட்டான் என்பான்.
பேர் மட்டும்
இவன் வீட்டில் சோறு தின்கிறது.

பாப்பம்பட்டி தேவசிகாமணியிடம்
ஊர் கேட்ட போலீஸ்காரர் சிரித்த சிரிப்பில்
சோதனைச்சாவடி நாய்
எழுந்து வந்து பார்த்தது.
அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன்.
மலையாளம் தெரிந்தவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.
அவனுக்குக் கை நீளம்.

பட்டப்பேருக்கு ஜாதகம் கிடையாது.
விசாரித்தால்
ஆளுக்கொரு அப்பனைக் காட்டுவார்கள்.
ஒன்றே ஒன்றுக்கு நான் சாட்சி.

ஆடி மாதம்.
கணவாய்க் காற்று
காலி லாரியையும் இருபது கிலோ கூட்டிக் காட்டிய நாள்.
முருங்கைக்காய்க் கட்டைத் தோளுக்கு ஏற்றிய ஒண்டிமுத்து
அப்படியே உட்கார்ந்தான்.
கட்டை இறக்கவில்லை. உட்கார்ந்தான்.
வாயின் ஒரு பக்கம்
கயிறு அவிழ்ந்த தார்ப்பாய் மாதிரி
தொங்கியது.

பாலக்காட்டு ஜில்லா ஆஸ்பத்திரி வராந்தாவில்
நானும் வெள்ளமும்.
சின்ன வயசு டாக்டரம்மா வெளியே வந்து
கண்ணாடியைக் கழற்றி, மெதுவாக,
'சம்சாரம் போயி' என்றார்.

வெள்ளம் என்னைப் பார்த்தான்.
நாற்பத்தாறு வயது ஒண்டிமுத்துக்கு.
பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம்
காபி மட்டும் குடித்துவிட்டு வந்தவன்.
'எப்பங்க கட்டுனான்?' என்றான் வெள்ளம்.
அந்தம்மா விழித்தார்.
'அந்தப் புள்ள யாருகூடங்க போச்சு?'

அவர் தன் தொண்டையைத் தொட்டார்.
உதட்டருகே விரல்களைக் குவித்து
வெளியே விரித்துக் காட்டினார்.
கையில் ஒன்றுமில்லை.
பேச்சு.

சிரித்தோம்.
அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.
உள்ளே ஒருத்தனுக்குப் பேச்சு போய்க் கிடக்க
வெளியே நாங்கள் இரண்டு பேர்
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்,
நிறுத்த முடியவில்லை.
நர்ஸ் ஒருத்தி பயந்துபோய்
'வெள்ளம் வேணோ' என்றாள்.
அவன் குனிந்து
தன் காலை ஒருமுறை பார்த்தான்.

திங்கட்கிழமை சந்தைக்கு
ஒண்டிமுத்துக்கு முன்னால் பேர் வந்து சேர்ந்தது.
இப்போது அதற்கு மூன்று கதைகள்.
கோழிஞ்சாம்பாறையில் ஒருத்தியைத்
திருட்டுத்தனமாக வைத்திருந்தான் என்பது ஒன்று.
அது அவனுக்குப் பிடித்திருக்கிறது.
யாராவது சொல்ல ஆரம்பித்தால்
நாற்காலியை நகர்த்திப் போட்டுக் கேட்கிறான்.

என் பக்கத்தில் உட்கார்ந்து
இடது கையால் சீட்டுக் கிழிக்கிறான்.
'சம்சாரம்!' என்றால்
அந்தக் கை உயரும்.
பேச்சு பாதி திரும்பிவிட்டது.
எந்தப் பாதி என்று
அன்றன்றைக்குத்தான் தெரியும்.

போன வாரம்
புதிதாக வந்த ஒடிசாக் கிளீனர்
கற்றுக்கொண்ட தமிழில் கேட்டான்,
ஏன் இந்தப் பேர்.
ஒண்டிமுத்து வாயைத் திறந்தான்.
பின்னால் ஏழு லாரி
ஹாரன் அடித்தது.
நான் மேடையை விடவில்லை.
கழுத்து நரம்பு புடைத்தது,
இடது கை காற்றில் எதையோ தேடியது,
கடைசியில் வந்தது:
'போ... யி.'

பையன் தன்னைத்தான் விரட்டுகிறான் என்று
லாரிக்கு ஓடிவிட்டான்.

நேற்றைய சீட்டில்
கிளீனர் என்ற இடத்துக்கு நேராக
என் கையெழுத்திலேயே இருக்கிறது:
போயி.
கழிவு, ஐம்பது கிலோ.