சாக்கடை

ஒன்பதாவது இலைக்கு மேலே
நுனியைக் கிள்ளிவிடு என்கிறார் உரக்கடை மீடே.
தொடாதே என்கிறான் ட்ராய்ச்சே:
எங்கே பிரியவேண்டும் என்று
செடிக்குத் தெரியும்.

நாற்பது நாற்றுகள்.
ஏப்ரல் முழுக்க எங்கள் குளியலறை ஜன்னலில்
தயிர்க் கோப்பைகளில் வளர்ந்தவை,
நான் பல் தேய்க்கும்போதெல்லாம்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தவை.
மே இருபதில் மண்ணுக்குப் போயின.
அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.
சூப் ஆறுகிறது, கிள்ளலாமா.
கரண்ட் பில் கட்டியாச்சா, கிள்ளக்கூடாது.

அவன் சொல்வது இது:
கிள்ளினால் செடி மூன்று வாரம் மலைத்து நிற்கும்.
அந்த மூன்று வாரத்தை அக்டோபரில்
உறைபனியிடம் போய்க் கடன் கேட்பாயா?
எனக்கோ போன ஆகஸ்ட் மறக்கவில்லை.
ஒற்றைக்காலில் நெடுநெடுவென்று போனவை
காய்ப் பாரத்தோடு காற்றில் குப்புற விழுந்ததும்
நீ கயிறு தேடி ஓடியதும்
கயிறு என்று என் துணிக்கொடியை அறுத்ததும்.

கடைசியில் பாகம் பிரித்தோம்.
இருபது அவனுக்கு, இருபது எனக்கு,
நடுவில் சொட்டுநீர்க் குழாய்.

நகத்தாலேயே கிள்ளினேன்.
இருபது நுனியும் உள்ளங்கையில்
ஒரு வாய்க் கீரை அளவுகூட இல்லை.
அவற்றில் ஏழில் மொட்டு இருந்தது.
எண்ணியிருக்கக் கூடாது.
வேலியருகே அவன்
பக்கத்துத் தோட்டத்து ஸ்டோயனோடு
டிராக்டர் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்,
மிகவும் சத்தமாக.

பத்து நாள்.
அவன் வரிசையில் வெள்ளை வெள்ளையாகப் பூ.
என் வரிசையில் மொட்டைத் தலைகள்.
பிறகு நான் செய்ததை
பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது
என்றுதான் சொல்லவேண்டும்.
இரவு, அவன் கால்பந்து பார்க்கும் நேரம்,
காஞ்சொறி ஊறிப் புளித்த தண்ணீரை
வாளியில் தூக்கிப் போய்
என் இருபதுக்கு மட்டும் ஊற்றினேன்.
அந்த நாற்றம் படியேறி வீட்டுக்குள் வந்தது.
சாக்கடை, என்றேன்.
சாக்கடைதான், என்றான் அவனும்,
டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஜூன் கடைசியில் அவன் பூக்கள் குறைந்தன.
வெயில், என்றான்.
விடிகாலை ஐந்துக்கே எழுந்து
பம்பு பார்க்கப் போனான், நான்கைந்து நாள்.
ஆகஸ்டில் காற்று வந்தது.
ஸ்டோயனின் தக்காளிப் பந்தல் சாலையில் கிடந்தது.
எங்கள் தோட்டத்தில் ஒன்றும் விழவில்லை,
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.
அவன் செடிகள் ஏனோ குட்டையாக, அகலமாக.
ரகம் அப்படி, என்றான்.
ஒரே பொட்டலத்து விதை.

செப்டம்பரில் நிறுத்தோம்.
எனக்கு முப்பத்தொன்று, அவனுக்கு இருபத்தெட்டு.
கரண்ட் பில்லின் பின்புறம் எழுதிவைத்தேன்.
தராசு பழசு, என்றான்.
சுட்டு, தோலுரித்து, ஒரே அண்டாவில் கொட்டி
நாள் முழுக்க மாறி மாறிக் கிண்டினோம்.
இருபத்தாறு பாட்டில் ஐவார்.
எதில் யாருடைய மிளகாய் என்று
இனி எந்தத் தராசும் சொல்லாது.

நவம்பரில் செடிகளைப் பிடுங்கும்போதுதான்
அவன் வரிசைப் பக்கம் குனிந்தேன்.
இலை உதிர்ந்த தண்டு எதையும் மறைப்பதில்லை.
முதல் கவைக்குச் சற்று மேலே
ஆறிக் காய்த்துப்போன வடு,
மழுங்கலாக, ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலம்.
அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.
இருபதில் பதினான்கில்.
மீதி ஆறுக்கு மனம் வரவில்லையோ,
அதற்குள் நான் விழித்துவிட்டேனோ.

எல்லாவற்றையும் குவித்துத் தீ வைத்தோம்.
ஈரத் தண்டு, எரிய மறுத்துப் புகைந்தது.
கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:
அடுத்த வருஷம் எப்படி?
நாற்பதையும் அப்படியே விட்டுவிடலாம், என்றேன்.
செடிக்குத் தெரியும்.

அவன் குச்சியால் நெருப்பைக் கிளறினான்,
தேவைக்கு அதிகமான நேரம்.
அப்போ சாக்கடையும் நாறாது, என்றான்.