ஐந்து மில்லி

எபினுக்குக் காய்ச்சல் முப்பத்தொன்பதைத் தாண்டிவிட்டது.
ரூவியில் ராத்திரி ஒன்றரை மணி.
ஏ.சி.யை அணைத்தால் சுவர் வியர்க்கிறது,
போட்டால் பிள்ளை நடுங்குகிறான்.
மருந்துப் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு போனேன்.
வாயைப் பூட்டிக்கொண்டான்.

ஆரஞ்சு ருசி மக்களே என்றேன்.
நல்ல பிள்ளைல்லா என்றேன்.
கடைசியில் மூக்கைப் பிடிக்கப் போனேன்.
அக்சா என் கையைத் தட்டிவிட்டாள்.
"மருந்துலதான மாமா அம்மா செத்தா?"

எல்லாரிடமும் நாங்கள் சொல்லிவைத்தது ஹார்ட் அட்டாக்.
சபையில், பள்ளிக்கூடத்தில்,
தூக்குவாளியில் கஞ்சியோடு வந்த
எதிர் ஃப்ளாட் மலையாளிகளிடம்.
சௌகரியமான சொல்.
அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.
நம்பிய எபின் மட்டும்
இரண்டு மாதமாக நடுராத்திரி எழுந்து வந்து
என் நெஞ்சில் காது வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறான்.
உறங்குவதுபோல் கிடப்பேன்.

அக்சாவுக்கு ஒன்பது வயது.
யூனிஃபார்ம் அலமாரியில்,
யாரும் போடாத கம்பளிச் சாக்ஸுக்குள்
எதையோ அவள் கண்டெடுத்ததும்
எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்ததும்
இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
"அப்பவே சொல்லியிருந்தா அம்மா இருந்திருப்பா."
சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மெர்லின் அக்கா.
எலும்பு வார்டு, பன்னிரண்டு மணி நேர ட்யூட்டி.
கட்டிலில் இருந்து சரிந்த ஒரு பெரிய உடம்பைத் தாங்கிய அன்று
அவள் முதுகில் ஏதோ நழுவியது.
முதலில் சீட்டு எழுதி வாங்கிய மாத்திரை.
பிறகு சீட்டு இல்லாதது.
ஒருநாள் சட்டி கழுவும்போதே அவள் கண் சொருகியது,
தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
நைட் ட்யூட்டி என்றாள்.
நைட் ட்யூட்டிதான் என்று நானும் குழாயை மூடினேன்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில்
அளவு தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.
பாட்டில் மூடியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி
கோடு வரை ஊற்றுவாள்,
ஒரு சொட்டு கூடினால் திருப்பி ஊற்றுவாள்.
விமானச் சரக்குச் சீட்டில்
நூற்றுப் பதினெட்டு கிலோ என்று எழுதியிருந்தது.
பெட்டியோடு சேர்த்து.
அதில் அக்கா எவ்வளவு என்று
துக்மிலிருந்து வந்த அத்தான்
ஏர்போர்ட்டில் நின்று கணக்குப் போட்டார்.
அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை.

தரையில் உட்கார்ந்தேன்.
ஆமா மக்களே, மருந்துலதான்.
ஆனா இது இல்ல, அது வேற.
வலிக்குன்னு தொடங்கினா,
பெறகு நிறுத்த முடியல.

"எங்கள விட அத பிடிச்சிருந்துச்சா?"
வாயைத் திறக்காமலே கேட்டான் எபின்,
போர்வைக்குள்ளிருந்து.
இல்லை என்று சொல்ல
ஒரு நொடி பிந்திவிட்டேன்.
அந்த நொடியை எங்கே கொண்டு வைப்பேன்?
"பிடிச்சு எடுக்கல மக்களே.
விட முடியாம எடுத்தா.
விடணும்னு அழுதிருக்கா, நான் கேட்டிருக்கேன்."

அக்சாவிடம் சொன்னேன்:
நீ பார்த்தது ஒரு சாக்ஸு.
நான் அவ கண்ணையே பார்த்தேன்.
நான் பெரிய ஆளு.
கேக்க வேண்டியது நானாக்கும், நீ இல்ல.

அவள் பதில் சொல்லவில்லை.
என் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள்.
மூடியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினாள்,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு.
கோடு வரை ஊற்றி
எனக்கு நீட்டினாள்.
"மொதல்ல மாமா."
ஐந்து மில்லி எனக்குக் காணாது என்று சொல்லவில்லை.
குடித்தேன்.

எபின் போர்வையை விலக்கி
என் நெஞ்சில் காதை வைத்தான்,
கொதிக்கும் காது.
அக்சா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.
கீழே தெருவில் நகராட்சி வண்டி
ஒரு குப்பைத் தொட்டியைத் தூக்கி
கவிழ்த்து
மறுபடி இறக்கி வைக்கும்வரை
கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு வாயைத் திறந்தான்.