இடது பக்கம்

ஒரு வாரமாய் இடது பக்கம்
போய்ப் போய் வருகிறது.
சொல்லிவிட்டுப் போவதில்லை.
வயலின் வலப்பக்கம் ஒண்டிக்கொள்ள
தபேலா இருந்த இடத்தில்
சின்னதாய் ஒரு கரகரப்பு,
பிறகு ஒன்றுமில்லை.

ஃபஹாஹீலில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே,
ஆறு கட்டில் போட்ட அறையில்
நானே கட்டிய ஆம்ப்.
நசுங்கியதென்று சைட்டில் எறிந்த
கேபிள் டிரே மூடிதான் அதற்கு உடம்பு.
ஹவல்லியில் ஓர் எகிப்தியர் எடைபோட்டுத் தந்த டிரான்ஸ்பார்மர்,
நாலரை தினார்.
வால்யூம் குமிழுக்குப் பற்பசை மூடி.
அழகில்லை.
ஜூன் வரைக்கும் இரண்டு பக்கமும் பாடியது.

ஸ்பீக்கரை இடம் மாற்றிப் பார்த்தேன்,
பழுது மாறவில்லை.
ஒயரையும் மாற்றினேன், அசையவில்லை.
ஆக, பெட்டிக்குள்.
பெட்டியைத் திறந்தால் பாடுகிறது,
டாக்டர் வாசலில் நின்றுபோகும் பல்வலி மாதிரி.
மீட்டர் முனை வைத்த இடமெல்லாம் நல்ல பிள்ளை.
அறையில் தலைமுடி மிச்சமுள்ள ஒரே ஆளான
ஏகாம்பரத்திடம் ஹேர் டிரையர் வாங்கிச் சுட்டேன்.
ஸ்ப்ரே டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்து
ஒவ்வொரு காலாய் உறைய வைத்தேன்.
பென்சில் பின்பக்கத்தால் தட்டினேன்.
பாடியது, பாடியது,
கடைசித் திருகாணியை முறுக்கி
நான் கை கழுவி வரும்வரை.

ஏ.சி. மேல் சந்தேகம் வந்தது.
கம்ப்ரசர் எடுக்கும்போது விளக்கு ஒரு மூச்சு மங்கும்.
அணைத்துப் பார்த்தேன்,
ஜூலையில், ஏழு நிமிடம்.
ஐந்து பேரும் பார்த்த பார்வையில்
திரும்பப் போட்டுவிட்டேன்.

எழுதியாவது வைப்போம் என்று
ஓவர்டைம் தாளின் முதுகில்,
ஹெட்போனோடு, கண்ணெரிய:
11.50
12.35
1.10 (இரண்டு தடவை)
1.15
2.40
நாலரைக்குக் கம்பெனி பஸ்.

வெள்ளிக்கிழமை தாளை விரித்து உட்கார்ந்தேன்.
ஒழுங்கு ஒன்றும் பிடிபடவில்லை.
வியாழன் ராத்திரிக்கு எதிரே மட்டும் வெறும் காகிதம்.
அன்றைக்கு மழையா, கரண்ட் போனதா,
ஏகாம்பரம் குறட்டை விடவில்லையா?
அன்றைக்கு மரியலூயிஸ் அறையில் இல்லை.
மஹபூலாவில் மச்சானைப் பார்க்கப் போயிருந்தான்.

எனக்கு மேல்கட்டில் அவன்.
கட்டிலின் இரும்புக்கால் மேசையில் இடிக்கும்.
மேசைமேல் பெட்டி.
அவன் புரண்டால் கட்டில் மேசையிடம் சொல்லும்,
மேசை பெட்டியிடம்.

தாளை முதலிலிருந்து வாசித்தேன்.
11.50க்குப் புரண்டிருக்கிறான்.
12.35க்கு.
1.10க்கு இரண்டு தடவை,
சுவர்ப்பக்கம் ஒன்று, எங்கள் பக்கம் ஒன்று.
அவன் கம்பெனியில் மூன்று மாதமாய்ச் சம்பளமில்லை,
அக்காமா அடிக்கவில்லை.
கேட்டால் “வந்துரும்டா” என்பான்,
குபூஸைப் பிய்த்துக் குழம்பில் முக்கியபடி.

“அண்ணே, கொஞ்சம் புரண்டு படுங்க.”
“எதுக்குடா?”
“சும்மா.”
புரண்டான். இடது பக்கம் போனது.
இன்னொரு தடவை. வந்தது.
போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்:
காயில் காலைச் சுற்றி மயிரிழை வட்டம்.
வெளியே பளபளவென்று ஈயம்,
உள்ளே பிடிப்பில்லை.
இரும்பைச் சூடாக்கி வைத்தேன்,
மூன்று நொடி, கொஞ்சம் புகை,
அவ்வளவுதான் வேலை.

“என்னாலயாடா?” மேலிருந்து கேட்டான்.
“இல்லண்ணே, ஈயம் சரியாப் பிடிக்கல.”

அன்று ராத்திரி தபேலா முழுசாய் இருந்தது.
பதினொன்று ஐம்பது தாண்டியது.
பன்னிரண்டு முப்பத்தைந்தும்.
ஒரு கரகரப்பில்லை.
ஆறு பேரும் தூங்கும் அறை மாதிரியே இருந்தது.

ஒன்று பத்துக்கு ஹெட்போனைக் கழற்றினேன்.
பென்சிலை எடுத்து
மேல்கட்டிலின் பலகையைத் தட்டினேன்,
பழுது தேடும் அதே மெதுவில்.

“என்னடா?” என்றான் உடனே,
தூக்கத்தின் பிசிறே இல்லாத குரலில்.