ஒன்பதரை மணிக் கொலை

வாழைத்தண்டில் கத்தியை இறக்கினால்
மனுசன் வயிற்றில் இறங்குகிற சத்தம்.
மண்டை உடையத் தர்பூசணி.
அது கிடைக்காத மாசங்களில் கல்யாணப் பூசணி;
கொஞ்சம் செவிட்டுச் சத்தம்தான், இருந்தாலும்
வெள்ளைக்காரன் மண்டைக்கு அது போதும் என்பார்
ஐவன் ரெபெய்ரோ.

பகலெல்லாம் ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில் பார்சல் ரசீது.
ராத்திரி மாதா கோயில் தெரு மாடியறையில்
டைப் மிஷினில் கொலை.
வியாழக்கிழமை வானொலியில் இருபத்தொன்பது நிமிஷம்.
எழுதுகிறவரும் அவர், பெரும்பாலும் சாகிறவரும் அவர்.
ஐந்தாவது நிமிஷம் செத்துவிட்டு
இன்ஸ்பெக்டராக எழுந்து வருவார்
தொண்டையை வேறு மாதிரி செருமிக்கொண்டு.

லண்டனை அவர் பார்த்ததில்லை.
தேம்ஸ் நதி வேண்டுமென்றால்
பேசின் பிரிட்ஜ் மேல் மூக்கைப் பொத்தி நின்று
கால்வாயைப் பார்த்துவிட்டு வருவார்.
பனிமூட்டத்துக்குக் காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி வாசல்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது.
என் தாளில் மட்டும் தமிழில் கிறுக்கித் தருவார்:
கதவு. நாலு படி. கண்ணாடி. உடம்பு.
பதினோரு வருசத்தில் நூற்றுச் சொச்சம் பேரை
என் கையால் சாகடித்திருக்கிறேன்,
ஒருத்தனைக்கூட யார் கொன்றதென்று தெரியாமல்.
கேட்டால், "சவுண்டுக்கு எதுக்குய்யா ஜட்ஜ்மெண்ட்?"
குத்துப்பட்ட தண்டை வீட்டுக்கு எடுத்துப்போவேன்.
வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கூட்டு.

தேசப்பனைக் கொன்றது ஒரு செவ்வாய்.
வட்டிக்கு வாங்கின லாஞ்சு மோட்டார், ஆறு தவணை பாக்கி.
மாடியில் நாங்கள் ஒத்திகையில் இருந்தோம்.
எதிர்வீட்டு கேட் கொண்டி. சைக்கிள் ஸ்டாண்டு.
"தீப்பெட்டி... இருக்குதா... நைனா."
வார்த்தைக்கு வார்த்தை இழுத்து மூச்சு வாங்கும் குரல்.
பிறகு ஒரு சத்தம்.
வாழைத்தண்டு இல்லை அது.
கிட்டத்தில்கூட இல்லை.
ஈரத்துண்டை யாரோ உதறின மாதிரி, அவ்வளவு சின்னதாக.
எவர்சில்வர் தம்ளர் ஒன்று
படி படியாக உருண்டது, நின்றது,
மறுபடி உருண்டது.

ஐவன் விரலை மிஷின் மேல் வைத்தபடியே இருந்தார்.
விளக்கை அணைத்தது நான்.

காலையில் நிஜ இன்ஸ்பெக்டர் வந்தார். வெற்றிலை வாய்.
"ரேடியோவுல பேசுறவராமே, எதுனா காதுல வுழுந்துச்சா?"
"நத்திங்" என்றார் ஐவன்.
எனக்குத் தெரிந்த நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளில்
அதுவும் ஒன்று.
என் முறை வந்தபோது தலையை ஆட்டினேன்,
எப்படியும் எடுத்துக்கொள்ளலாம் என்பது போல.
தேசப்பன் பெண்டாட்டி அங்கேதான் குனிந்து
தம்ளரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் பழைய நாடகமே போட்டார்கள்.
நாலாவது வாரம் என் தாள்:
கேட் கொண்டி.
சைக்கிள் ஸ்டாண்டு.
தம்ளர், ஏழு படி, ஐந்தாவதில் நிற்க வேண்டும்.
குத்து என்று எழுதும் இடத்தில் வெறும் கோடு.
நிமிர்ந்து பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.
அன்றைக்கு அவர் சாகவில்லை. இன்ஸ்பெக்டரும் இல்லை.
லண்டன் இங்கிலீஷில் எவனோ ஒருவனாக நெருப்புக் கேட்டார்,
அதே இடங்களில் மூச்சு வாங்கி.
நான் தண்டைத் தொடவில்லை.
நனைத்த துண்டை ஒரு தரம் உதறினேன்.
கண்ணாடிக்கு அப்பால் புரொட்யூசர்
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

யார் கொன்றதென்று எனக்குத் தெரிந்த ஒரே நாடகம்.
எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.
இங்கிலீஷ் வந்தால் குமிழைத் திருகி
சிலோனுக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த வருசம் ஐவன் பெர்த்துக்குப் போனார், தங்கை வீட்டுக்கு.
ஒரு கார்டு வந்தது. போஸ்ட்மேன்தான் படித்துச் சொன்னார்:
இங்கே மழைச் சத்தம் சரியில்லை,
யாரோ அரிசியைக் கொட்டுவது போலிருக்கிறது.
அரிசிதான் நாங்கள் கொட்டுவது.

கல்மண்டபம் டீக்கடையில் போன வாரம்
பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இழுத்து இழுத்து,
அந்த ஆள் தீப்பெட்டி கேட்டான்.
கொடுத்தேன்.